இன்னொரு தடவை போட்டுப் பார், சரியாகிவிடும்!



பதிவு கொஞ்சம் நீளம். இரவு சாப்பாடு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். கடைசியில் உங்களில் ஒருவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்காகவாவது முழுவதும் படியுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். நம் சாத்தாங்காட்டுப் பெண். அவள் அப்பா இரும்புச் சந்தைக்குக் காயில் ஏற்றி வரும் லாரி ஓட்டியவர். இவள் இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். கல்யாணப் பத்திரிகை கொடுக்கத்தான் வந்தாள். ஆனால் முகத்தில் கல்யாணக் களை இல்லை. "என்னம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல சார், ஆபீஸ்ல ஒரு டெஸ்ட் படுத்துது. ஒருநாள் பாஸ் ஆகுது, ஒருநாள் ஃபெயில் ஆகுது. நான் எதையும் மாத்தல."

"எங்கள் காலத்துப் பிள்ளைகள் மாதிரிதான் இருக்கிறது" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்புறம்தான் உட்கார வைத்து விவரமாகக் கேட்டேன். எனக்குப் புரிந்த அளவில் உங்களுக்குச் சொல்கிறேன். கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகள் தப்பு இருந்தால் திருத்துங்கள்.

அவள் வேலை செய்வது டீபக்கர் என்ற கருவியில். ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் பாதியில் நிறுத்தி, உள்ளே எந்த வரியில் நிற்கிறது, எந்தப் பெட்டியில் என்ன எண் இருக்கிறது என்று பார்க்க உதவுவது டீபக்கர். மற்ற நிரல்களுக்கு இது டாக்டர் கையிலிருக்கும் ஸ்டெதாஸ்கோப் மாதிரி. இவர்கள் ஜிடிபி என்ற டீபக்கரைத் தங்கள் சிப்புகளுக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதத் தொடங்கியது அது. இன்றைக்கும் உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து வளர்த்து வருகிறார்கள்.

ஸ்டெதாஸ்கோப்பே தப்பாகக் கேட்டால் என்ன ஆகும்? அதனால் டீபக்கரைச் சோதிக்க ஆயிரக்கணக்கான தானியங்கி டெஸ்ட்கள் வைத்திருக்கிறார்கள். டெஸ்ட் ஒரு கட்டளையைத் தட்டும், டீபக்கர் பதில் சொல்லும், எதிர்பார்த்த பதிலோடு ஒத்துப்போகிறதா என்று டெஸ்ட் பார்க்கும். நம் வாய்மொழித் தேர்வு போலத்தான். ஒத்துப்போனால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு.

இவளுடைய டெஸ்ட் ஏறக்குறைய நாற்பது தடவைக்கு ஒரு தடவை சிவப்பாகிறது. அவள் மேசையில் இருக்கும் கணினியில் ஓட்டினால் எப்போதும் பச்சை. இரவில் சர்வரில் எல்லா வேலையும் ஒன்றாக ஓடும்போது மட்டும் எப்போதாவது சிவப்பு. இந்த மாதிரி டெஸ்ட்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஃபிளேக்கி டெஸ்ட். நான் தடுமாறும் டெஸ்ட் என்று வைத்துக்கொள்கிறேன்.

"சிவப்பாயிட்டா என்ன செய்வீங்க?" என்றேன்.

"இன்னொரு தடவை ஓட்டுவோம் சார். பச்சையாயிடும். டீம்ல எல்லாருக்கும் பழகிடுச்சு. இப்ப மேனேஜர் அதையே ரூலா போடச் சொல்றார். மூணு தடவை தானா ஓடும், அதுல ஒரு தடவை பச்சை வந்தாலும் பாஸ். இல்லன்னா நடுவுல அஞ்சு செகண்ட் தூங்க வச்சிடுன்னு சொல்றார். எனக்கு மனசு வரல. ஆனா ஏன் வரலன்னு அவர்கிட்ட சொல்லத் தெரியல."

அவளுக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் கருத்து இது: சில சமயம் மட்டும் தோற்கும் சோதனை ஒரு செய்தி சொல்கிறது. பச்சை வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுவது அந்தச் செய்தியின் வாயை அடைப்பது. முதலில் அது எப்போதும் தோற்கும்படி செய்ய வேண்டும். அப்புறம்தான் அதைச் சரி செய்ய முடியும்.

பேப்பர் பேனா எடுங்கள், கணக்குப் போடலாம். டீபக்கரிலேயே ஓர் உண்மையான பிழை இருக்கிறது, அது நாற்பதில் ஒரு தடவை தலைகாட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 'மூன்றில் ஒன்று பச்சையானாலும் பாஸ்' என்று விதி போட்டால், மூன்று தடவையும் தொடர்ந்து சிவப்பானால்தான் உங்களுக்குத் தெரியவரும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நடக்கிறது என்று கொண்டால், நாற்பது பெருக்கல் நாற்பது பெருக்கல் நாற்பது, அதாவது 64,000இல் ஒரு தடவை! அந்தக் கருவியை வாங்கிப் பயன்படுத்துகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அவருக்கு அது நாற்பதில் ஒரு தடவை காலை வாரும்.

இன்னொரு கணக்கு. ஒருவர் ஏதோ ஒரு வரியை மாற்றிவிட்டு, நாற்பது தடவை ஓட்டிப் பார்த்து, ஒரு தடவைகூட விழவில்லை, சரியாகிவிட்டது என்கிறார். நம்பலாமா? எதையுமே சரி செய்யாமல் இருந்தாலும் நாற்பது தடவையும் பச்சையாக வர 36 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! இருநூறு தடவை ஓட்டினால்தான் அந்த வாய்ப்பு 0.6 சதவீதத்துக்கு இறங்குகிறது. 'ரெண்டு தடவை பார்த்தேன், வருது' என்பது எதற்கும் சான்றாகாது.

சரி, டெஸ்ட் ஏன் தடுமாறுகிறது? வாய்மொழித் தேர்வு உதாரணத்துக்கே வருகிறேன். நான் கேட்கிறேன்: "பியூரெட்டில் என்ன எடுத்தாய்?" மாணவன் சொல்ல வேண்டியது "பொட்டாசியம் பெர்மாங்கனேட்". நான் அவசரக்காரன். "பொட்டாசியம்" என்று காதில் விழுந்ததுமே மார்க் போட்டுவிட்டு, "பிப்பெட்டில் என்ன?" என்று அடுத்த கேள்விக்குப் போகிறேன். அவன் முதல் பதிலின் மீதியைச் சொல்லி முடிக்கிறான்: "பெர்மாங்கனேட்". நான் அதை இரண்டாவது கேள்விக்கான பதில் என்று எடுத்துக்கொண்டு தப்புப் போட்டுவிடுகிறேன்! பையன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவன் வேகமாக ஒரே மூச்சில் சொல்லியிருந்தால் பாஸ். மூச்சு வாங்கி இரண்டாகச் சொன்னதால் ஃபெயில். அதைவிட மோசம், அவன் "பொட்டாசியம் டைகுரோமேட்" என்று தப்பாகச் சொல்ல வந்திருந்தாலும் என்னிடம் முதல் கேள்விக்கு மார்க் வாங்கியிருப்பான்.

ஜிடிபியின் டெஸ்ட்களில் நடப்பதும் இதுதான். அவை எக்ஸ்பெக்ட் என்ற கருவியைக் கொண்டு ஓடுகின்றன. டீபக்கர் எழுதும் பதில் ஒரே துண்டாக வந்துசேரும் என்று எந்த உறுதியும் கிடையாது. வேலைப் பளு இல்லாத கணினியில் பெரும்பாலும் முழுசாக வரும். சர்வர் திணறும்போது துண்டு துண்டாக வரும். எக்ஸ்பெக்ட் வந்தவரைக்கும் பார்த்து முடிவு கட்டிவிடும். பகலில் பச்சையாகவும் இரவில் சிவப்பாகவும் இருந்ததன் ரகசியம் இவ்வளவுதான்.

இதை அவளிடம் சொன்னபோது அவளுக்கே ஒன்று ஞாபகம் வந்தது. "சார், அப்பா லாரிய எடை மேடைல ஏத்துவாரு இல்ல? நானும் கேபின்ல உக்காந்திருப்பேன். வண்டி ஆட்டம் நிக்கறதுக்கு முன்னாடி எடை எழுதினா அப்பா சண்டைக்குப் போவாரு." அதேதான்! இரும்புச் சந்தைப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். வண்டி ஏறியதும் எண் தாவிக்கொண்டே இருக்கும். அது நின்றபிறகு எழுதுவதுதான் எடை. ஆடும்போது எழுதிவிட்டு, ஒவ்வொரு தடவையும் வேறு எடை வருகிறதே என்று மேடையைக் குறை சொன்னால் எப்படி?

மேனேஜர் சொன்ன 'அஞ்சு செகண்ட் தூக்கம்' ஏன் சரியில்லை என்பதும் இங்கேயே விளங்கும். பாதி லோடு வண்டிக்கு இரண்டு நொடி போதும். முழு லோடு டிரெய்லருக்கு ஐந்து நொடியும் போதாமல் போகலாம். கடிகாரத்தைப் பார்த்து எழுதக் கூடாது, எண் நிற்பதைப் பார்த்து எழுத வேண்டும். அதோடு, இரண்டாயிரம் டெஸ்ட்களில் ஐந்து ஐந்து நொடி தூங்க வைத்தால் பத்தாயிரம் நொடி. ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் வீண். டீபக்கர் ஒவ்வொரு பதிலையும் முடித்தபின் 'அடுத்த கட்டளைக்குத் தயார்' என்று ஓர் அடையாளம் காட்டும். அது வரும்வரை முழுப் பதிலையும் வாங்கி, அப்புறம் ஒப்பிட வேண்டும். அதுதான் சரியான காத்திருப்பு.

இது இவள் ஒருத்தியின் கஷ்டமும் அல்ல. 2014இல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்பாச்சி அமைப்பின் 51 திட்டங்களில், தடுமாறும் டெஸ்ட்களைச் சரி செய்த 201 திருத்தங்களை எடுத்துப் பார்த்தார்கள். காரணங்களில் முதலிடம், சுமார் 45 சதவீதம், சரியாகக் காத்திராமல் அவசரப்பட்டதுதான்.

ஜிடிபியை வளர்ப்பவர்கள் இந்த நோய்க்கு ஓர் அழகான வைத்தியம் வைத்திருக்கிறார்கள். 'செக்-ரீட்1' என்று பெயர். டெஸ்ட் ஓடும்போது எக்ஸ்பெக்டை ஒரு நேரத்தில் ஓர் எழுத்துக்கு மேல் படிக்க விடாது. அதாவது நாற்பதில் ஒரு நாள் தற்செயலாக வரும் மோசமான நிலைமையை வேண்டுமென்றே ஒவ்வொரு தடவையும் கொண்டுவருகிறது. இதற்கு நேர் எதிராக, தாமதித்து அதிகமாகப் படிக்க வைக்கும் 'செக்-ரீட்மோர்' என்ற ஏற்பாடும் உண்டு. நோயை மறைக்காமல் அதிகமாக்கிக் காட்டு என்கிறார்கள். இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அவளுக்கு இந்த ஏற்பாடு இருப்பது தெரியும், ஆனால் குழுவில் யாரும் பயன்படுத்தவில்லையாம். மறுநாளே அதில் ஓட்டிப் பார்த்தாள். நாற்பதில் ஒரு தடவை விழுந்த டெஸ்ட் பத்துக்குப் பத்தும் விழுந்தது. இரவு போனில் அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்க வேண்டுமே! "சார், எல்லாமே ஃபெயில்!" என்று இவ்வளவு மகிழ்ச்சியாக எந்த மாணவியும் என்னிடம் சொன்னதில்லை. எங்கே அவசரப்படுகிறது என்று அரை மணி நேரத்தில் பிடித்துவிட்டாள். தயார் அடையாளம் வரை காத்திருக்கும்படி இரண்டு வரி மாற்றினாள். ரீட்1இல் ஓட்டினாள், பளு ஏற்றிய சர்வரில் இருநூறு தடவைக்கு மேல் ஓட்டினாள். எல்லாம் பச்சை.

கதை அதோடு முடியவில்லை. 'அது அப்படித்தான், விடு' என்று ஒதுக்கி வைத்திருந்த மற்ற டெஸ்ட்களையும் அதே முறையில் பார்த்தாள். பெரும்பாலானவற்றில் குற்றம் டெஸ்ட்டின் மேல்தான். ஒன்றில் மட்டும் டெஸ்ட் சரி, டீபக்கர்தான் தப்பு. நிரல் நிற்கும் இடத்தை எப்போதாவது தவறாகக் காட்டியிருக்கிறது. மாதக்கணக்கில் அந்த டெஸ்ட் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தது. இவர்கள் 'இன்னொரு தடவை ஓட்டு' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

சாஃப்ட்வேர்தானே, யார் உயிர் போகப்போகிறது என்று நினைக்கிற உறவினர்களுக்காக ஒன்று சொல்கிறேன். தெராக்-25 என்று புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுக் கொடுக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு விபத்துகளில் நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சு பாய்ந்தது. சிலர் இறந்தார்கள். அந்த இயந்திரம் அடிக்கடி ஏதாவது கோளாறு என்று எண்ணைக் காட்டி நிற்கும். 'பி' என்ற விசையைத் தட்டினால் மறுபடி ஓடும். இயக்குபவர்களுக்கு அது பழகிவிட்டது. 1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலம் டைலர் நகரில் 'மால்ஃபங்ஷன் 54' என்று காட்டியபோதும் வழக்கம்போல 'பி' தட்டப்பட்டது. நோயாளிக்கு இரண்டாவது தடவையும் கதிர்வீச்சு பாய்ந்தது.

நிறுவனத்திலிருந்து பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள். அவர்களால் அந்தக் கோளாறை வரவழைக்க முடியவில்லை. இயந்திரம் மறுபடி வேலைக்குத் திரும்பியது. ஏப்ரலில் அங்கேயே அடுத்த விபத்து. அப்போது அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர், இயந்திரத்தை இயக்கிய பெண்மணியோடு உட்கார்ந்து, அதே கோளாறு திரும்ப வரும்வரை விடாமல் முயன்றார். விஷயம் தட்டச்சு வேகத்தில் இருந்தது! தப்பாக அடித்த ஓர் எழுத்தைப் பழகிய கை எட்டு நொடிக்குள் திருத்திவிட்டால் இயந்திரத்தின் உள்ளே குழப்பம் வந்தது. மெதுவாக அடித்துப் பார்த்தவர்களுக்கு அது வரவே வராது. மேனேஜரிடம் எனக்காகவும் சொல் என்று என் மாணவியிடம் சொன்னது இதைத்தான்: 'எனக்கு வரவில்லை' என்பது 'இல்லை' என்று ஆகாது.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். மணலியிலிருந்து எண்ணூர்வரை ஏதாவது ஒரு வாடை வந்துகொண்டேதான் இருக்கும். காற்று திரும்பினால் ஒரு நெடி, மழை வந்தால் ஒரு நெடி. 'இது வழக்கமானதுதான்' என்று ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பிப் படுப்பது நமக்கெல்லாம் பழக்கம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனை போனார்கள். நூறு நாள் பொருட்படுத்தாமல் பழகிய மூக்குக்கு நூற்றியோராவது நாள் எது நிஜம் என்று எப்படித் தெரியும்? பொய்யாகச் சிவக்கும் ஒரு டெஸ்ட் செய்கிற பெரிய கெடுதல் இதுதான். அது தன் மதிப்பை மட்டும் கெடுத்துக்கொள்வதில்லை. பக்கத்தில் இருக்கும் நல்ல டெஸ்ட்கள் சொல்வதையும் யாரும் கேட்காமல் செய்துவிடுகிறது.

மேனேஜர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. வெள்ளிக்கிழமை வேலையை அனுப்ப வேண்டும், ஒரு தடுமாறும் டெஸ்ட்டுக்காக முப்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. கூகுள் மாதிரி இடத்திலேயே இந்தத் தொல்லை முழுதாக ஒழியவில்லை. அங்கே ஓடும் டெஸ்ட் முடிவுகளில் சுமார் 1.5 சதவீதம் தடுமாற்றம், டெஸ்ட்களில் ஏறக்குறைய 16 சதவீதத்தில் ஏதோ ஓர் அளவு தடுமாற்றம் என்று அந்நிறுவனத்தின் ஜான் மிக்கோ 2016இல் எழுதினார். பச்சையாக இருந்தது சிவப்பாக மாறும் சமயங்களில் 84 சதவீதத்தில் ஒரு தடுமாறும் டெஸ்ட் சம்பந்தப்பட்டிருந்ததாம். அவர்களும் மறுபடி ஓட்டத்தான் செய்கிறார்கள்.

மறுபடி ஓட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓட்டியதை மறைக்கக் கூடாது என்கிறேன். மூன்றாவது தடவையில் பச்சை வந்தால், 'மூன்றாவது தடவையில் வந்தது' என்று எழுதி வையுங்கள். இன்றைக்கு நேரமில்லை என்றால் அந்த டெஸ்ட்டைத் தனியாக ஒதுக்கி, யார் பார்க்கப்போகிறார், எந்தத் தேதிக்குள் என்று பெயரோடு எழுதுங்கள். தெரிந்த குறை என்று வெளிப்படையாகக் குறிப்பதற்கு அவர்கள் கருவியிலேயே வழி இருக்கிறதாம். கடன் வாங்குவது தப்பில்லை, கணக்கு நோட்டில் எழுதாமல் விடுவதுதான் தப்பு.

இதையெல்லாம் அவளுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு அன்று இரவு படுத்தால் தூக்கம் வரவில்லை. நான் சொல்லத் தகுதியானவன்தானா என்று மனசு கேட்டது.

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பிராக்டிகல் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெர்மாங்கனேட் டைட்ரேஷன். வெளிர் இளஞ்சிவப்பு வந்து நிலைத்ததும் நிறுத்த வேண்டும். இரண்டு அளவுகள் ஒத்துவர வேண்டும். பொதுத்தேர்வுக்கு முந்தைய வாரம் ஒரு பையனுக்கு 10.2, 9.6, 10.4 என்று மாறி மாறி வந்தது. "இன்னொரு தடவை போடு" என்றேன். போட்டான், ஒத்துவரவில்லை. "இன்னொரு தடவை போடு, எந்த ரெண்டு ஒத்துவருதோ அத மட்டும் எழுது" என்றேன். அவன் தயங்கித் தயங்கி, "சார், பியூரெட் அடியில ஒழுகுது போல இருக்கு" என்றான். "சாக்குச் சொல்லாதே" என்று அதட்டிவிட்டுப் போய்விட்டேன். அவன் எப்படியோ இரண்டு எண்களை ஒத்துவர வைத்து எழுதினான். நானும் டிக் போட்டேன்.

சாயந்திரம் எல்லாவற்றையும் கழுவி ஸ்டாண்டில் மாட்டும்போது பார்த்தேன். அந்த பியூரெட் ஒழுகியது.

அடுத்த நாள் பியூரெட்டை மாற்றினேன். அவனிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பு முன்னால் வாத்தியார் தப்பை ஒப்புக்கொள்வதா என்ற கௌரவம். அன்றைக்கு அவன் கற்றுக்கொண்டது வேதியியல் அல்ல. கருவி சொல்வதையும் கண் பார்ப்பதையும் விட்டுவிட்டு, வாத்தியாருக்குப் பிடித்த எண் வரும்வரை திரும்பப் போடு என்பதுதான் நான் கற்றுக்கொடுத்த பாடம். அவனைப் போல எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தேனோ! இன்று உங்களில் பலர் ஆலையில், ஆய்வுக்கூடத்தில், மருத்துவமனையில், கணினி முன்னால் உட்கார்ந்து அளவு பார்க்கிறீர்கள்.

தம்பி, நீ இதைப் படிக்கிறாயா என்று தெரியாது. நீ சொன்னது சரி. பியூரெட் ஒழுகியது. கேட்காமல் போனது என் தப்பு. மன்னித்துக்கொள்.

மற்றவர்களுக்கு வாத்தியாராக ஒரே ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வேலையில் 'அது அப்படித்தான், இன்னொரு தடவை போட்டால் சரியாகிவிடும்' என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும் ஒன்று நிச்சயம் இருக்கும். இந்த வாரம் அதை எடுங்கள். மறுபடி போடாதீர்கள். அது எப்போது தப்பாக வருகிறது என்று பாருங்கள். உங்களுக்குக் கீழே வேலை பார்க்கும் சின்னப் பிள்ளை ஒருவர் தயங்கிக்கொண்டு "ஒழுகுது போல இருக்கு" என்று வந்து நின்றால், தயவுசெய்து குனிந்து பாருங்கள்.

அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மேனேஜர், மூன்று தடவை விதியை அப்படியே வைத்துக்கொண்டாராம். ஆனால் எத்தனாவது தடவையில் பச்சை வந்தது என்று இப்போது ஒவ்வொரு இரவும் எழுதுகிறார்களாம். அது போதும், நல்ல ஆரம்பம்தான்.

உங்கள் அனுபவங்களைக் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி சார்,
சாத்தாங்காடு